உள்ளேயா, வெளியேயா? தன்னாட்சிப் பகுதிகளோடு வணிகம் செய்வோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நான்கு தேடுதளங்கள்: ஒரு மதிப்பீடு

ஃபின்லாந்தின் தன்னாட்சிப் பகுதியான ஓலாந்துத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கின்றனவா? இருக்கின்றன. சுங்க எல்லைக்குள்? ஆம். மதிப்புக் கூட்டு வரியான வாட்டின் எல்லைக்குள்? இல்லை. கலால் எல்லைக்குள்? அதுவும் இல்லை. அப்படியானால் ஹெல்சிங்கியிலிருந்து ஓலாந்தின் தலைநகர் மரியஹாம்னுக்குப் போகும் பெட்டிக்கு, ஒரே நாட்டுக்குள் போனாலும், சுங்க அறிவிக்கை வேண்டும். சுங்கவரி மட்டும் ஒரு சென்ட் கூடக் கிடையாது.

ஒரு வணிகக் கூட்டமைப்பில் தன்னாட்சிப் பகுதியின் சட்டநிலை என்றாலே இந்தக் குழப்பம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றியம் ஒரே சுவர் கட்டிய கோட்டை. உள்ளே போனால் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வேலிகள்: உடன்படிக்கை செல்லும் எல்லை, சுங்க எல்லை, வாட் எல்லை, கலால் எல்லை. நான்கும் ஒரே கோட்டில் ஓடுவதில்லை. இவற்றைக் கண்டறிய உதவும் யூர்-லெக்ஸ் (சட்டக் கிடங்கு), டாரிக் (சுங்கவரிப் பட்டியல்), ஆக்சஸ்-டூ-மார்க்கெட்ஸ் (வணிக வழிகாட்டி), வியெஸ் (வாட் எண் சரிபார்ப்பு) என்ற நான்கு தளங்களையும் இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கே கேள்வி. நான்கும் இலவசம். தேடிப் பார்க்கக் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. நான்கும் பொய் சொல்வதில்லை. ஆனால் மூன்று தளங்கள் தமக்குத் தெரிந்த வேலியை மட்டும் காட்டிவிட்டு மௌனமாக இருந்துவிடும். அந்த மௌனத்தை "தடை இல்லை" என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் துறைமுகத்தில் மாட்டுகிறார்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஆணையத்தின் வரி, சுங்கப் பிரிவு தன் தளத்தில் உறுப்பு நாடுகள், சிறப்புப் பகுதிகள் ஆகியவற்றின் எல்லை நிலையை அட்டவணையாக வைத்திருக்கிறது. முதல் பார்வைக்கு அது நன்று. சர்ச்சை என்று வந்தால் அட்டவணையைக் காட்டி வாதாட முடியாது, சட்டப் பிரிவைத்தான் காட்ட வேண்டும். அதற்கு யூர்-லெக்ஸ்.

யூர்-லெக்ஸ்

பார்க்க வறண்ட தளம். 24 மொழிகளில் சட்டங்களைக் கொட்டி வைத்த கிடங்கு. என்றாலும் நான்கில் முதலிடம் இதற்குத்தான். மற்ற மூன்றிலும் வரும் விடை எல்லாம் இங்கே கிடக்கும் வாக்கியங்களின் நிழல்.

தேடும்போது "ஓலாந்து" என்றோ "கேனரி" என்றோ பெயரை இட்டுத் தேடாதீர்கள். மீன்பிடி ஒதுக்கீடு முதல் விமானக் கட்டணம் வரை அத்தனையும் வந்து குவியும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் உள்ள செலெக்ஸ் என்ற அடையாள எண்ணை இட்டு நேரே ஆவணத்துக்குப் போவதுதான் வழி. முதலில் திறக்க வேண்டியது ஒன்றியத்தின் செயற்பாட்டு உடன்படிக்கை, பிரிவு 355. எந்தப் பகுதிக்கு உடன்படிக்கை செல்லும், எதற்குச் செல்லாது, எதற்கு நிபந்தனையோடு செல்லும் என்பது அந்த ஒரே பிரிவில் இருக்கிறது. ஓலாந்துக்கு, ஃபின்லாந்தை ஒன்றியத்தில் சேர்த்த சேர்க்கை ஆவணத்தின் 2-ஆம் நெறிமுறைப்படி செல்லும். ஃபேரோ தீவுகளுக்குச் செல்லவே செல்லாது. கிரீன்லாந்து, இரண்டாம் இணைப்பில் உள்ள கடல்கடந்த நாடுகள் பட்டியலில் வருகிறது. ஃபேரோவும் கிரீன்லாந்தும் டென்மார்க் அரசுக்குள் உள்ள தன்னாட்சிப் பகுதிகளே. ஆனால் ஃபேரோ, டென்மார்க் சேர்ந்த 1973-இல் உள்ளே வரவே இல்லை. கிரீன்லாந்து உள்ளே வந்து, 1982-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 1985 பிப்ரவரி 1-ஆம் தேதி வெளியேறியது. வெளியேறியது கடல்கடந்த நாடுகளின் வாசல் வழியாக என்பதால் அதன் பொருள்களுக்குத் தனிச் சலுகை உண்டு. ஃபேரோவுக்கு அந்த வாசல் இல்லை. அது ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே விற்க வேண்டும்.

அடுத்தது ஒன்றியச் சுங்கச் சட்டத்தொகுப்பு, 952/2013, பிரிவு 4. இது ஒரு நாடு-நாடாகப் பட்டியல். "ஜெர்மனி, ஹெலிகோலாந்துத் தீவும் பூசிங்கனும் நீங்கலாக". "ஸ்பெயின், செயூத்தாவும் மெலிய்யாவும் நீங்கலாக". "இத்தாலி, லிவிஞ்ஞோ நீங்கலாக". "நீங்கலாக" என்று சொல்லப்படாதது உள்ளே இருக்கிறது என்று பொருள். ஓலாந்தும் கேனரியும் இங்கே விலக்கப்படவில்லை.

பிறகு வாட் வழிகாட்டு ஆணை 2006/112, பிரிவு 6. இதன் இரண்டு பத்திகளையும் கலந்துவிடக் கூடாது. முதல் பத்தியில் வருபவை சுங்க எல்லைக்குள் இருந்தும் வாட்டுக்கு வெளியே உள்ளவை: கிரீஸின் அதோஸ் மலை, ஸ்பெயினின் கேனரித் தீவுகள், பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகள், ஓலாந்து முதலியன. இரண்டாம் பத்தியில் வருபவை இரண்டுக்கும் வெளியே உள்ளவை: ஹெலிகோலாந்து, பூசிங்கன், செயூத்தா, மெலிய்யா, லிவிஞ்ஞோ. முதல் பத்திப் பகுதிக்குச் சரக்கு போனால் சுங்கவரி இல்லாமலே சுங்கச் சடங்கு நடக்கும். இரண்டாம் பத்திப் பகுதி என்றால் வேற்று நாட்டுக்கு ஏற்றுமதி மாதிரிதான். கடைசியாகக் கலால் வழிகாட்டு ஆணை 2020/262-இன் தொடக்கப் பிரிவுகள். அங்கே பட்டியல் சற்று மாறும். வாட்டுக்கு வெளியே உள்ள அதோஸ் மலை அந்த விலக்குப் பட்டியலில் கிடையாது. ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு மற்றதை ஊகிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

தேதிதான் பெரிய பொறி. கம்பியோனே என்ற இத்தாலிய ஊர் 2020 ஜனவரி 1 முதல் சுங்க எல்லைக்குள்ளும் கலால் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது, வாட்டுக்கு மட்டும் வெளியே நிற்கிறது. பிரான்ஸின் செயின்ட் பார்த்தெலமி 2012-இல் கடல்கடந்த நாடுகள் என்ற வெளிவட்டத்துக்குப் போனது. பிரான்ஸின் மயோட் 2014-இல் உடன்படிக்கை செல்லும் உள்வட்டத்துக்கு வந்தது. டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகியவற்றின் பகுதிகளை உடன்படிக்கையைத் திருத்தாமலே இப்படி இடம் மாற்றப் பிரிவு 355-இன் ஆறாம் பத்தி வழிவிடுகிறது. ஆகவே முதலில் வெளியான மூல ஆவணத்தைப் படித்தால் பழைய வேலியைப் பார்க்கிறீர்கள். ஆவணப் பக்கத்தில் உள்ள, திருத்தங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த பதிப்பைத் திறந்து, சரக்கு நகரும் நாளுக்குரிய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த பதிப்புக்குச் சட்ட வலிமை இல்லை என்று தளமே மேலே எழுதி வைத்திருக்கிறது. மேற்கோள் காட்டும்போது திருத்தச் சட்டத்தின் எண்ணையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

யூர்-லெக்ஸ் தரும் இன்னொரு பொருள் மற்ற மூன்றிலும் கிடைக்காது: யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது. ஃபேரோ ஒப்பந்தத்தின் தலைப்பையே பாருங்கள். 1996 டிசம்பரில் கையெழுத்தானது. ஒரு பக்கம் ஐரோப்பியச் சமூகம். மறுபக்கம் "டென்மார்க் அரசும் ஃபேரோ தீவுகளின் உள்ளாட்சி அரசும்". ஃபேரோ தனியாக அங்கே இல்லை. டென்மார்க்கும் தனியாக இல்லை. ஒப்பந்தம் பேசும் ஆற்றல் பகுதிக்கு உண்டு, பன்னாட்டுச் சட்டத்தில் ஆள் என்ற தகுதி அரசுக்கு உண்டு என்ற ஏற்பாடு அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. ஓலாந்தின் ஏற்பாடு நேர் எதிர். 1994 நவம்பரில் தனி வாக்கெடுப்பு நடத்திச் சம்மதித்தது, தனி நெறிமுறையும் பெற்றது. தீவில் நிலம் வாங்கவும் தொழில் செய்யவும் உள்ள வதிவுரிமைக் கட்டுப்பாடுகளுக்குக் காப்பு அந்த நெறிமுறைதான். ஆனால் ஒன்றியத்தின் முன்னால் நிற்பது ஃபின்லாந்து மட்டுமே. சி-343/05 என்ற வழக்கு எண்ணை இட்டுப் பாருங்கள். வாய்ப்புகையிலையான ஸ்னூஸ் விற்பனைத் தடையை ஓலாந்தில் சட்டமாக்காததற்காக 2006 மே மாதம் தீர்ப்பு வந்தது, ஃபின்லாந்துக்கு எதிராக. சட்டம் இயற்றும் அதிகாரம் தீவின் அவைக்கு, கூண்டில் ஏறுவது ஹெல்சிங்கி. குடம் உடைத்தவன் ஒருவன், தண்டம் கட்டுபவன் வேறொருவன்.

குறை என்ன? சேர்க்கை ஒப்பந்தங்களின் நெறிமுறைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. செயூத்தா, மெலிய்யா, கேனரி மூன்றுக்கும் 1985 சேர்க்கை ஆவணத்தின் 2-ஆம் நெறிமுறை. ஓலாந்துக்கு 1994 ஆவணத்தின் 2-ஆம் நெறிமுறை. இரண்டுக்கும் ஒரே எண். ஆண்டைச் சேர்க்காமல் தேடினால் வேறு தீவில் போய் இறங்குவீர்கள்.

டாரிக்

பத்து இலக்கப் பொருள் குறியீடு, மூலநாடு, தேதி மூன்றையும் இட்டால் வரி வரும். பகுதிகளைத் தனித்தனியே கணக்கில் கொள்வது இதன் பலம். ஃபேரோவுக்கு எஃப்ஓ, கிரீன்லாந்துக்கு ஜிஎல், செயூத்தாவுக்கு எக்ஸ்சி, மெலிய்யாவுக்கு எக்ஸ்எல் என்று குறியீடுகள் உண்டு. டென்மார்க்கின் பெயரை இட்டு ஃபேரோ மீனின் வரியைத் தேடுவது வீண் வேலை.

புதிய அட்லாண்டிக் சால்மனை எடுத்துக்கொள்வோம், குறியீடு 0302 14 00. எல்லா நாடுகளுக்குமான பொது வரி 2%. எஃப்ஓ என்று மூலநாட்டை இட்டால் அதனோடு ஃபேரோ ஒப்பந்தத்தின் சலுகை வரிசையும் தோன்றும். சலுகை வரிசை தெரிந்தவுடனே கணக்குப் போட்டுவிடாதீர்கள். அறிவிக்கையில் சலுகைக் குறியீடு 300 இட வேண்டும், கையில் மூலச்சான்று இருக்க வேண்டும். 6,000 யூரோ வரையிலான சரக்குக்கு எந்த ஏற்றுமதியாளரும் விலைப்பட்டியலிலேயே மூல அறிவிப்பை எழுதித் தரலாம். அதற்கு மேல் என்றால் யூர்-1 என்ற மூலச் சான்றிதழோ அங்கீகரிக்கப்பட்ட ஏற்றுமதியாளர் எண்ணோ வேண்டும். சான்று இல்லாவிட்டால் குறியீடு 100, பொது வரி. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே உள்ள அடிக்குறிப்புகளையும் விடாமல் திறந்து பாருங்கள். ஒதுக்கீட்டு அளவு தீர்ந்துவிட்டதா என்பது வரிசையில் உள்ள ஒதுக்கீட்டு எண்ணைத் திறந்தால் தெரியும்.

கிரீன்லாந்து மீனுக்கு ஒரு நுணுக்கம். ஒன்றிய உடன்படிக்கைகளின் 34-ஆம் நெறிமுறைப்படி அது வரியும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாமல் உள்ளே வரும். ஆனால் ஒன்றியத்தின் கப்பல்களுக்குக் கிரீன்லாந்துக் கடலில் மீன்பிடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றியத்துக்குத் திருப்தியாக இருக்கும் வரைதான். வரி அட்டவணையில் சுழியம் என்று மட்டும் நிற்கும். அந்தச் சுழியத்தைத் தாங்கி நிற்பது ஒரு பேரம் என்பது அங்கே தெரியாது.

செயூத்தா, மெலிய்யா விஷயத்தில் டாரிக் சரியான வரியைக் காட்டினாலும் சான்றிதழை நிரப்பும்போது வழுக்கும். ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் ஒன்றியத்தின் மூலவிதிகளில் இவ்விரு நகரங்களும் சேர்ந்து ஒரே பகுதி, ஆனால் "ஒன்றியம்" என்ற சொல்லுக்குள் அடங்காத பகுதி. யூர்-1 சான்றிதழின் 2-ஆம் கட்டத்தில் எதிர்த்தரப்பின் பெயரோடு "செயூத்தாவும் மெலிய்யாவும்" என்று எழுத வேண்டும். பொருள் அங்கேயே உருவானது என்றால் 4-ஆம் கட்டத்திலும் அதையே குறிக்க வேண்டும். அங்கே "ஸ்பெயின்" என்றோ "ஐரோப்பிய ஒன்றியம்" என்றோ எழுதிய சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வரும்.

ஆக்சஸ்-டூ-மார்க்கெட்ஸ்

2020 அக்டோபரில் இரண்டு பழைய தளங்களை ஒன்றாக்கித் திறந்தது. நான்கில் பார்க்க அழகானதும், இந்த வேலைக்கு எச்சரிக்கையாகக் கையாள வேண்டியதும் இதுதான். பொருள், புறப்படும் நாடு, சேரும் நாடு மூன்றையும் கொடுத்தால் வரி, மூலவிதி, ஆவணங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். புதிதாகத் தொழிலில் இறங்குபவருக்கு நல்ல ஆசான். ஆனால் இதன் கணக்கு நாடுகளை வைத்துத்தான் ஓடுகிறது. சேரும் நாடு ஸ்பெயின் என்றால் வாட் 21% என்ற பொது வீதம் வரும். சரக்கு லாஸ் பால்மாஸில் இறங்குகிறது என்றால் அந்த 21% பொருந்தாது. அங்கே வாட் இல்லை, 7% பொது வீதமுள்ள இகிக் என்ற தீவு வரியும், சில பொருள்களுக்கு அதன்மேல் ஆயெம் என்ற வரியும் உண்டு. செயூத்தாவிலும் மெலிய்யாவிலும் இப்சி என்ற வேறொரு வரி. சேரும் துறைமுகம் எது என்று தெரியாமல் இந்தத் தளத்தின் வாட் வரியை விலைக்குறிப்பில் ஏற்றக் கூடாது.

இதற்குள் இருக்கும் ரோசா (ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின் செல்ஃப் அசெஸ்மென்ட்) என்ற மூலவிதிச் சோதனைக் கருவி உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. ஒப்பந்தத்தின் இணைப்புகளைப் புரட்டாமல், கேள்வி கேள்வியாகக் கேட்டுத் தகுதி உண்டா என்று சொல்லும். பெயரிலேயே இருப்பதுபோல் சுயமதிப்பீடுதான். நாம் சொல்லும் விடையை அது சந்தேகிக்காது. வட அயர்லாந்தில் இது காலை வாரும். அங்கே பண்டங்களுக்கு ஒன்றியச் சுங்க விதிகள் செல்லும். பால் லாரி எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசின் ஆலைக்குள் தடையில்லாமல் போகும். ஆனால் சட்டப்படி வட அயர்லாந்து பிரிட்டனின் சுங்க எல்லைக்குள் இருக்கிறது. ஒன்றியம் மற்ற நாடுகளோடு செய்த ஒப்பந்தங்களில் அங்கே கறந்த பால் ஒன்றிய மூலப் பொருளாகக் கணக்கில் வராது. இரு பக்கப் பாலும் கலந்த பாலாடைக்கட்டிக்கு "ஒன்றியத்திலேயே முழுதும் பெறப்பட்டது" என்று ரோசாவில் குறித்தால் பச்சை விடை வந்துவிடும். தவறு வெளிப்படுவது இறக்குமதி நாட்டின் சரிபார்ப்பில். தடையின்றிப் புழங்கும் தகுதி வேறு, மூலத் தகுதி வேறு என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

வியெஸ்

வாட் எண் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் தளம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2021 ஜனவரி முதல் பிரிட்டனின் ஜிபி எண்கள் இதில் இல்லை. வட அயர்லாந்துக்கு எக்ஸ்ஐ என்ற முன்னொட்டு. எண் அதேதான், முன்னால் உள்ள இரண்டு எழுத்துத்தான் வேறு. எக்ஸ்ஐ பண்டங்களுக்கு மட்டும். பெல்ஃபாஸ்டில் உள்ள அதே நிறுவனத்துக்கு மென்பொருள் சேவை விற்றால் அது ஒன்றியத்துக்கு வெளியே விற்றதாகவே கணக்கு.

ஓலாந்து நிறுவனத்தின் எண்ணை இட்டால் எஃப்ஐ முன்னொட்டோடு "செல்லும்" என்று வரும். அதை நம்பி ஒன்றியத்துக்குள் நடக்கும் சாதாரண விற்பனை என்று விலைப்பட்டியல் போடுவது வழக்கமான பிழை. எண் ஃபின்லாந்துடையது, சரக்கு இறங்கும் இடமோ வாட் எல்லைக்கு வெளியே. முகவரியின் அஞ்சல் எண் 22 என்று தொடங்கினால் நிறுத்தி யோசிக்க வேண்டும். உங்கள் சொந்த வாட் எண்ணையும் சேர்த்து இட்டால் ஒரு சரிபார்ப்பு எண் கிடைக்கும். தணிக்கையில் காட்ட அதைச் சேமித்து வையுங்கள். ஜெர்மனியும் ஸ்பெயினும் பெயர், முகவரி காட்டாது, அது பழுதல்ல.

தளங்களை மூடிய பிறகு

கேனரி மாதிரியான இடத்துக்குப் போகும் ஒன்றியப் பொருள் வழியில் தன் ஒன்றியப் பொருள் என்ற தகுதியை இழக்காமலிருக்க டி2எல்எஃப் சான்று வேண்டும். கடைசி எஃப் இல்லாத வெறும் டி2எல் இங்கே பொருந்தாது. 2024 மார்ச் முதல் இது பவுஸ் என்ற மின் அமைப்பில் பதிவாகிறது. 15,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு விலைப்பட்டியலிலோ போக்குவரத்து ஆவணத்திலோ அந்தக் குறியீட்டை எழுதினால் போதும், சுங்க அலுவலகத்தின் மேலொப்பம் தேவையில்லை. இறக்கும் பக்கத்தில் எஃப்15 என்ற கூடுதல் நடைமுறைக் குறியீடு வரும். நான்கு தளங்களில் எதுவும் இதை வாயைத் திறந்து சொல்லாது.

சட்டநிலையின் அடி ஆழம் வரை போக விரும்புவோர் உலக வர்த்தக அமைப்பின் தளத்தையும் திறக்க வேண்டும். அங்கே உறுப்பினராக அரசாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிவணிகத்தில் முழுத் தன்னாட்சி உள்ள "தனிச் சுங்கப் பகுதி" என்றாலும் போதும். ஹாங்காங் 1986-இலேயே, இந்த அமைப்பின் முன்னோடியான காட் ஒப்பந்தத்தில் அப்படித்தான் அமர்ந்தது. ஐரோப்பியச் சுதந்திர வணிகச் சங்கமான எஃப்டாவின் சாசனமோ "எந்த அரசும்" சேரலாம் என்கிறது. ஃபேரோவின் எஃப்டா ஆசை முட்டி நிற்பது அந்தச் சொல்லில்தான். உலக வர்த்தக அமைப்பின் தளத்தில் டிஎஸ்469 என்ற வழக்கின் முதல் பக்கத்தையும் பாருங்கள். 2013-இல் ஹெர்ரிங், கானாங்கெளுத்தி மீன்பிடித் தகராறில் ஒன்றியம் ஃபேரோ மீன்களுக்குத் துறைமுகத்தை மூடியது. அந்த ஆண்டு நவம்பரில் வழக்குப் பதிவானது. 2014 ஆகஸ்டில் சமரசமாக முடிந்தது. எதிர்த்தரப்பு, ஐரோப்பிய ஒன்றியம். முறையிட்டவர் என்ற இடத்தில் உள்ள பெயர்: "டென்மார்க், ஃபேரோ தீவுகள் தொடர்பாக". அதே மாதங்களில் அதே தடையைத் தன் துறைமுகங்களில் அமல்படுத்தும் கடமையும், ஒன்றிய உறுப்பினர் என்ற முறையில், டென்மார்க்குக்கு இருந்தது.